சின்ன பட்ஜெட்ல குவில்ட்டிங் மெஷின்: எதுக்கு காசு கொடுக்கலாம், எதுக்கு வேணாம்

நீங்க கேட்டதை சுருக்கமா சொன்னா இதுதான்: தையல் ஓரளவு தெரியும், துண்டுத் துணி சேர்த்து குவில்ட், அதாவது நடுவுல பஞ்சு வச்ச போர்வை தைக்க ஆசை, கையில இருக்கிற காசு கம்மி. ஒருத்தர் இருநூறு டிசைன் போடுற கம்ப்யூட்டர் மெஷின் வாங்குங்கன்றார், இன்னொருத்தர் ஹெவி டியூட்டின்னு எழுதியிருந்தாதான் பஞ்சு வச்ச துணியைத் தாங்கும்ன்றார், மூணாவது ஆள் பழைய இரும்பு மெஷினே போதும்ன்றார், யார் பேச்சைக் கேக்குறது. நான் மூணாவது ஆள் பக்கம்தான் சாய்வேன், ஆனா கண்ணை மூடிக்கிட்டு இல்ல. நேர்த்தையல் சுத்தமா விழற ஒரு மெஷின், அதுக்கு வாக்கிங் ஃபுட், அதாவது மேல்துணியையும் சேத்து நகர்த்துற ஃபுட் கிடைக்கணும், ஊசிக்கு வலது பக்கம் இடம் எவ்ளோ முடியுமோ அவ்ளோ இருக்கணும். இந்த மூணுக்கும் காசு கொடுங்க. மத்ததெல்லாம் இருந்தா சந்தோஷம், இல்லாட்டி குடி முழுகிடாது.

ஏன் இப்படி சொல்றேன்னா, குவில்ட்டுன்றது ரெண்டு தனித்தனி வேலை. முதல்ல சின்னச் சின்ன துண்டுகளை சேர்த்து மேல்துணியை உருவாக்குறது, இதை பீஸிங்னு சொல்லுவாங்க. அப்புறம் அந்த மேல்துணி, நடுவுல பேட்டிங் அதாவது பஞ்சு ஷீட்டு, அடியில ஒரு துணி, மூணையும் அடுக்கி ஒண்ணா தைக்கிறது, இதுதான் உண்மையான குவில்ட்டிங். முதல் வேலைக்கு மெஷின் துல்லியமா இருக்கணும், ரெண்டாவது வேலைக்கு தடிமனைத் தாங்கணும், பெரிய துணி சுருட்டி உள்ள போக இடமும் வேணும். நிறைய பேர் ரெண்டையும் குழப்பிக்கிட்டு, பஞ்சைத் தைக்கணுமே அப்போ பலம்தான் முக்கியம்னு பலத்துக்கு மட்டும் காசு கொட்டிடுறாங்க. நேரக்கணக்குல பாத்தா பெரும்பகுதி பீஸிங்லதான் போகும், அங்க ரெண்டே ரெண்டு மெல்லிசு காட்டன் துணிதான் ஊசிக்கு அடியில இருக்கும், அதுக்கு எந்த பலமும் தேவையில்ல.

பீஸிங்ல எல்லாமே கால் இன்ச் தையல் ஓரம். மில்லிமீட்டர்ல சொன்னா 6.35. சட்டை தைக்கும்போது அரை நூல் அங்க இங்க போனா உடம்புல தெரியாது, இதுல அது சேந்துக்கிட்டே போகும். ஒரு கணக்கு சொல்றேன் பாருங்க, ஒவ்வொரு ஓரத்துலயும் 1/32 இன்ச் கூடுதலா உள்ள தள்ளி தைச்சுட்டீங்கன்னு வைங்க, ஒரு தையல்ல ரெண்டு துணியோட ஓரமும் சேருது இல்லையா, அப்போ ஒரு தையலுக்கு 1/16 இன்ச் காணாம போகும், ஒரு வரிசையில 16 தையல் இருந்தா மொத்தமா ஒரு இன்ச் போச்சு. பக்கத்து வரிசையில 8 தையல்தான் இருக்குன்னா அது அரை இன்ச்தான் குறையும். ரெண்டையும் வச்சு சேக்கும்போது ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டை, இழுத்து இழுத்து தைப்பீங்க, கடைசியில குவில்ட்டு தரையில சமமா படியாது.

அதனால எந்த மெஷின் பாக்கப் போனாலும் ஒண்ணரை இன்ச் அகலத்துல மூணு பட்டை வெட்டி எடுத்துட்டுப் போங்க. மூணையும் கால் இன்ச் ஓரம் விட்டு பக்கவாட்டுல சேர்த்து தைங்க, அயர்ன் பண்ணுங்க, ஸ்கேல் வைங்க. மொத்த அகலம் சரியா மூணரை இன்ச், நடுப்பட்டை சரியா ஒரு இன்ச் வரணும். அது வரலைன்னா உடனே மெஷினைத் திட்டாதீங்க, வழிகாட்டி எங்க வைக்கிறதுன்றதைப் பொறுத்துதான் அது. கால் இன்ச் ஃபுட் தனியா கிடைக்கும், அதுவும் இல்லாட்டி ஸ்கேலை ஊசிக்கு அடியில வச்சு, வீலை கையால திருப்பி ஊசி கால் இன்ச் கோட்டைத் தொடற மாதிரி இறக்கி, ஸ்கேலோட ஓரத்தை ஒட்டி ஊசி இறங்குற தட்டு, அதாவது பிளேட் மேல மாஸ்கிங் டேப்பை நாலஞ்சு அடுக்கு ஒட்டிடுங்க, துணி அந்த டேப்பை உரசிக்கிட்டே போகும். துணி மடியற இடத்துல ஒரு தையல் நூலோட தடிமன் அளவு தின்னும், அதனால பழகினவங்க கால் இன்ச்சுக்கு அந்த அளவு கம்மியாத்தான் வச்சுக்குவாங்க. இந்த சோதனையில நீங்க பாக்க வேண்டியது வேற: வழிகாட்டி ஒழுங்கா வச்ச பிறகும் துணி இடதுபக்கமோ வலதுபக்கமோ இழுத்துக்கிட்டுப் போகுதா, ஆரம்பத்துல மூலையை பிளேட் ஓட்டைக்குள்ள இழுத்து மெல்லுதா.

இந்த மெல்லுற விஷயத்தை கடைக்காரங்க சொல்ல மாட்டாங்க. டிசைன் தையல் நிறைய போடுற மெஷின்ல ஊசி இடமும் வலமும் 7 மில்லிமீட்டர், சிலதுல 9 மில்லிமீட்டர் வரைக்கும் போகணும், அதுக்காக பிளேட்ல ஓட்டை அகலமா நீள்வட்டமா இருக்கும், அடியில துணியைத் தள்ளுற பல்லும் தள்ளித் தள்ளி இருக்கும். கால் இன்ச் ஓரத்துல தைக்கும்போது வலதுபக்கப் பல்லு மேல துணி லேசாத்தான் படும், முக்கோணத் துண்டோட கூர்முனை அந்த அகல ஓட்டைக்குள்ள போயிடும். அதாவது எந்த வசதிக்காக கூடுதல் காசு வாங்குறாங்களோ, அதே வசதிதான் பீஸிங்கைக் கொஞ்சம் கெடுக்குது. நேர்த்தையல் மட்டும் போடுற பழைய மெஷின்ல ஓட்டை ஒரே புள்ளி, மூலை தப்பிக்கும். அகல ஓட்டை மெஷின் ஏற்கெனவே வச்சிருந்தாலும் வழி இருக்கு, அந்த மாடலுக்கு ஒற்றை ஓட்டை பிளேட் விக்கிறாங்களான்னு பாருங்க. மாட்டினா ஜிக்ஜாக்கை மறந்தும் தொடாதீங்க, ஊசி பிளேட்ல அடிச்சு உடையும். சில கம்ப்யூட்டர் மெஷின்ல ஆன் பண்ணினதும் வர்ற நேர்த்தையலே ஊசியை இடது ஓரத்துல வச்சிருக்கும், அதை நடுவுக்கு மாத்திட்டுத்தான் தைக்கணும். பிளேட் கிடைக்கலைன்னா ஒரு உபாயம், முதல்ல ஒரு வேஸ்ட் துணித்துண்டுல தைக்க ஆரம்பிச்சு, நூலை வெட்டாம அப்படியே நல்ல துண்டுக்குள்ள ஓட்டிடுங்க, மூலை உள்ள போகாது.

இப்போ ரெண்டாவது வேலைக்கு வருவோம். மூணு அடுக்கை சாதாரண ஃபுட்ல தைச்சா என்ன ஆகும்னா, அடியில இருக்கிற பல்லு அடித்துணியை முன்னாடி நகர்த்தும், மேல ஃபுட்டு மேல்துணியை அழுத்திப் பிடிச்சுக்கும், நடுவுல பஞ்சு வழுக்கும். தையல் வரி முடியற இடத்துல மேல்துணி ஒரு மடிப்பா குவிஞ்சு நிக்கும், பின்பக்கம் திருப்பினா அங்கங்க சுருக்கம். வாக்கிங் ஃபுட் இதுக்குத்தான். பாக்க கொஞ்சம் முரட்டுத்தனமா பெருசா இருக்கும், பக்கத்துல ஒரு கை நீட்டிக்கிட்டு இருக்கும், அந்தக் கையோட கவட்டை ஊசியைப் பிடிக்கிற ஸ்க்ரூ மேல உக்காரணும். ஊசி மேல ஏறும்போது கையையும் தூக்கும், அதுக்கேத்த மாதிரி ஃபுட்டுக்குள்ள இருக்கிற மேல்பல்லு துணியைப் பிடிச்சு, கீழ்ப்பல்லோட சேந்து நகரும். மேலயும் கீழயும் ஒரே வேகம், சுருக்கம் பெருமளவு போயிடும். கவட்டையை ஸ்க்ரூ மேல வைக்காம மாட்டிட்டு இது வேலையே செய்யலன்னு புலம்புறவங்க நிறைய. இதை வச்சு மெதுவா ஓட்டணும், ரிவர்ஸ் போடாம இருக்கிறது நல்லது.

வாக்கிங் ஃபுட் எல்லா மெஷினுக்கும் பொருந்தாது, ஷாங்க், அதாவது ஃபுட் மாட்டுற கம்பியோட உயரம் பாக்கணும். ஃபுட்டை இறக்கி வச்சுட்டு, பிளேட்ல இருந்து ஃபுட் மாட்டுற ஸ்க்ரூவோட நடு வரைக்கும் அளந்தா சுமார் அரை இன்ச் இருந்தா லோ ஷாங்க், சுமார் ஒரு இன்ச் இருந்தா ஹை ஷாங்க். பழைய சிங்கர் மாடல் சிலதுல அந்தக் கம்பியே சாய்வா இருக்கும், அதுக்கு தனி ஃபுட்டுதான். பெர்னினா மாதிரி சில கம்பெனி தனக்குன்னே ஒரு மாட்டல் வச்சிருக்கும், அதோட ஃபுட்டு ஒவ்வொண்ணும் விலை கூட. சின்ன பட்ஜெட்டுக்கு லோ ஷாங்க்தான் சொர்க்கம், எந்தக் கம்பெனி ஃபுட்டும் மலிவா வாங்கி மாட்டிக்கலாம். அதனால மெஷினை முடிவு பண்றதுக்கு முன்னாடியே அதுக்கு வாக்கிங் ஃபுட், கால் இன்ச் ஃபுட், வளைவா தைக்கிறதுக்கான டார்னிங் ஃபுட் மூணும் என்ன விலைன்னு விசாரிச்சு மெஷின் விலையோட சேத்துக் கூட்டிப் பாருங்க. சில நேரம் விலை குறைஞ்ச மெஷின்தான் கடைசியில அதிகம் இழுக்கும்.

அடுத்தது இடம். ஊசியில இருந்து வலதுபக்கம் மெஷினோட தூண் வரைக்கும் இருக்கிற இடைவெளி, த்ரோட் ஸ்பேஸ்னு சொல்றது. சாதாரண வீட்டு மெஷின்ல இது 6, 6½ இன்ச். குவில்ட்டுக்குன்னு செய்யறதுல 8, 9, அதுக்கு மேலயும் உண்டு. 60 இன்ச் அகல குவில்ட்டோட நடுவுல தைக்கணும்னா பாதி, அதாவது 30 இன்ச் துணியும் பஞ்சும் சுருண்டு அந்த இடைவெளிக்குள்ள உக்காரணும். அந்தச் சுருள் மூணு இன்ச் தடிமன்னா, 6 இன்ச் மெஷின்ல உங்களுக்கு மிச்சம் மூணு இன்ச்தான். 90 இன்ச் அகலத்துல பெரிய கட்டிலுக்குத் தைக்கிறீங்கன்னா 45 இன்ச் உள்ள போகணும், அப்போதான் தோள்பட்டை வலி என்னன்னு தெரியும். கட்டில் சைஸ் தைக்கவே முடியாதான்னா முடியும், 6½ இன்ச் மெஷின்ல தைக்கிறவங்க எவ்வளவோ பேர் இருக்காங்க. நேர்க்கோடா, வாக்கிங் ஃபுட்ல, நடுவுல இருந்து ஆரம்பிச்சு வெளியில போய், ஒரு பக்கம் முடிஞ்சதும் குவில்ட்டை திருப்பி மறுபக்கம் தைப்பாங்க. பஞ்சையும் மெல்லிசு காட்டனா எடுத்தா சுருள் சின்னதாகும், புஸ்ஸுன்னு உப்பின பாலியெஸ்டர் எடுத்தா அந்த இடத்தையும் அதுவே அடைச்சுக்கும். இன்னொரு முறை இருக்கு, குவில்ட்டை ரெண்டு மூணு பாகமா தனித்தனியா பஞ்சோட தைச்சு முடிச்சுட்டு கடைசியில பாகங்களை இணைக்கிறது. இது பழகிட்டீங்கன்னா த்ரோட் ஸ்பேஸ் பிரச்சனையே பாதி போயிடும். அதனால முதல்ல உங்களையே கேட்டுக்குங்க, நான் தைக்கப்போறது குழந்தை குவில்ட், மடியில போட்டுக்கிறது, டேபிள் ரன்னர் இதுதானா, இல்ல வருஷத்துக்கு நாலு கட்டில் சைஸா. முதல் வகைன்னா பெரிய இடத்துக்காக கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்ல.

வளைவா பூ, இலை, நெளிநெளியா தைக்கிற ஃப்ரீ மோஷன் ஆசை இருந்தா பல்லை இறக்குற வசதி இருக்கான்னு பாருங்க, அடியிலயோ பின்னாடியோ ஒரு லீவர் இருக்கும். இல்லாத மெஷின்ல பல்லை மூடற ஒரு தட்டு கொடுப்பாங்க, அதுவும் இல்லன்னா தையல் நீளத்தை பூஜ்யத்துல வச்சு ஒரு மெல்லிசு அட்டையை ஓட்டை போட்டு ஒட்டிக்கலாம், வேலை நடக்கும். பல்லு இறங்கினதும் துணியை நகர்த்துறது முழுக்க உங்க கைதான், தையல் நீளமும் உங்க கைதான். டார்னிங் ஃபுட் துணி மேல ஒட்டாம மிதக்கிற மாதிரி இருக்கும், அதைப் பாத்து ஃபுட் லீவரை இறக்க மறந்துடுவாங்க. லீவர் மேல இருந்தா டென்ஷன் தட்டு திறந்தே இருக்கும், நூலுக்கு பிடிமானம் இல்லாம அடியில பறவைக்கூடு மாதிரி சுத்திக்கும். லீவரை இறக்கி, வீலை ஒரு சுத்து திருப்பி, அடிநூலை மேல இழுத்து ரெண்டு நூலையும் பிடிச்சுக்கிட்டு ஆரம்பிங்க. வளைவுல கை வேகமாவும் மெஷின் மெதுவாவும் இருந்தா பின்பக்கம் கண் இமை முடி மாதிரி நூல் வரிவரியா நிக்கும், அதுக்கு மெஷினை மாத்த வேணாம், வளைவுல கையை நிதானமாக்குங்க, மேல் டென்ஷனை அரை நம்பர் ஏத்துங்க.

இதுக்கு உதவற எலக்ட்ரானிக் வசதி எதுன்னு கேட்டா, முதல்ல, நிறுத்தினா ஊசி துணிக்குள்ளயே இறங்கி நிக்கிறது. நிறுத்தி கையை மாத்தி வைக்கும்போது துணி நகராது. ரெண்டாவதா வேகத்தை கட்டுப்படுத்துற ஸ்லைடர். இந்த ரெண்டுக்காக கம்ப்யூட்டர் மெஷின் எடுத்தா நான் குறை சொல்ல மாட்டேன், இருநூறு டிசைனுக்காக எடுத்தாத்தான் சொல்லுவேன். குவில்ட்டுல தேவைப்படுறது நேர்த்தையல், அப்ளிக், அதாவது வேற துணியில வெட்டின உருவம் மேல ஒட்டினா ஜிக்ஜாக், பிளாங்கெட் தையல், அவ்ளோதான். மிச்சத்தை வாங்கின முதல் வாரத்துல ஒரு துணியில போட்டுப் பாத்துட்டு அப்புறம் தொட மாட்டீங்க.

ஆரம்ப விலை கம்ப்யூட்டர் மெஷின்ல பிரதர் சிஎஸ்6000ஐ, அதுக்கப்புறம் வந்த சிஎஸ்7000எக்ஸ் இதெல்லாம் குவில்ட் பழகுறவங்க கையில அடிக்கடி பாக்கலாம், காரணம் வாக்கிங் ஃபுட், குவில்ட்டிங் ஃபுட், அகல மேஜை எல்லாம் பெட்டியிலயே வந்துடும். குறை என்னன்னா எடை கம்மி, பெரிய குவில்ட்டை இழுக்கும்போது மெஷினே மேஜையில நகரும், அடியில ரப்பர் மேட் போட்டுக்கணும். இடமும் சராசரிதான்.

ஹெவி டியூட்டின்ற ஸ்டிக்கரை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. அது ஒரு தர அளவு கிடையாது, யார் வேணா ஒட்டலாம். சிங்கர் 4423 மாதிரி மாடல்ல உள்ள உலோக ஃப்ரேம், நிமிஷத்துக்கு 1100 தையல் வேகம், சாதாரண மெஷின்ல 700, 850 தான். ஆனா குவில்ட்டுல அந்த வேகத்தை வச்சு என்ன பண்றது, நமக்கு வேண்டியது மெதுவா ஓட்டும்போதும் ஊசி தடிமனைக் குத்தி இறங்குறது. வாட்ஸ் பாத்தும் ஏமாறாதீங்க, அது மெஷின் இழுக்கிற கரண்டு, சிலதுல பல்பையும் சேத்துதான் எழுதுவாங்க. கரண்டுல ஓடுற மலிவான மெஷின் சிலது பெடலை மெதுவா மிதிச்சா ஊங்குன்னு முனகிட்டு நிக்கும், வீலை கையால தள்ளிவிடணும். கடையில சோதிக்கும்போது இதைத்தான் பாருங்க, வேகமா ஓட்டிக் காட்டினா எல்லா மெஷினும் நல்லாத்தான் தெரியும்.

பழைய இரும்பு மெஷின் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லியாகணும். சிங்கர் 15, 66, 99, 201, அப்புறம் ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் ஜப்பான்ல சிங்கர் 15 மாதிரியே அச்சு அசலா செஞ்சு எத்தனையோ பேர்ல உலகம் முழுக்க வித்தது, இதெல்லாம் நேர்த்தையல் மெஷின். தையல் விழற அழகை இன்னைக்கு மலிவு விலை புது மெஷின் எதுவும் தொட முடியாதுன்றது என் அபிப்ராயம். 15 வகையோட ஊசி இன்னைக்கு கடையில கிடைக்கிற சாதாரண வீட்டு ஊசியேதான், பாபினும் கிடைக்கும், ஷாங்க்கும் லோ ஷாங்க். 1933-ல வந்த சிங்கர் 221, ஃபெதர்வெய்ட்டுன்னு செல்லமா சொல்றது, சுமார் 5 கிலோதான், பீஸிங்குக்கு அருமை. ஆனா சேகரிக்கிறவங்க விலையை ஏத்தி விட்டுட்டாங்க, இடமும் சின்னது, பட்ஜெட் ஆளுக்கு அது வேணாம். பாபின் உருண்டையா இல்லாம பென்சில் மாதிரி நீளமா இருக்கிற இன்னும் பழைய வகை பாக்க அழகு, உதிரி பாகம் தேடி அலையணும், அதையும் விட்டுடுங்க. கால்ல மிதிக்கிற மெஷினா இருந்தா பயப்படாதீங்க, ரெண்டு கையும் ஃப்ரீ, வேகமும் உங்க கால்ல, ஃப்ரீ மோஷனுக்கு பழகினவங்க மோட்டாரே வேணாம்பாங்க. பின்பக்கமா சுத்தாம மிதிக்கப் பழகணும், சுத்தினா நூல் சிக்கிக்கும்.

1960-கள்ல இருந்து வந்த மாடல்கள்ல எச்சரிக்கையா இருங்க, பல் சக்கரத்தை நைலான்ல செய்ய ஆரம்பிச்சாங்க, அது வயசானா விரிசல் விட்டு உதிரும். வெளிய இரும்பா கனமா இருக்கும், உள்ள அந்தச் சக்கரம் போயிருக்கும். மூடியைத் திறக்கச் சொல்லி எட்டிப் பாருங்க.

செகண்ட் ஹேண்ட் பாக்கும்போது உங்க துணி, உங்க பஞ்சு, உங்க நூல், ஒரு புது ஊசி எடுத்துட்டுப் போங்க, விக்கிறவர் மடிச்சு வச்சிருக்கிற ஒரு துண்டுல தைச்சுக் காட்டுறதை நம்பாதீங்க. முதல்ல கரண்டே இல்லாம வீலை கையால ஒரு முழு சுத்து மெதுவா சுத்துங்க, எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி போகணும், ஒரே ஒரு இடத்துல மட்டும் கட்டின்னு பிடிச்சா அடியில நூலைப் பிடிக்கிற ஹூக்குலயோ சக்கரத்துலயோ பிரச்சனை. மொத்தமாவே இறுக்கமா இருந்தா அது பெரும்பாலும் பழைய எண்ணெய் கோந்தா காஞ்சது, மெஷின் ஆயில் விட்டு ஊறவச்சு கையால சுத்தச் சுத்த விட்டுடும், அதைக் காட்டி விலையும் பேசலாம். ஊசிக்கம்பியைப் பிடிச்சு முன்ன பின்ன ஆட்டிப் பாருங்க, லொடலொடன்னா தேய்மானம். ஹூக்கோட முனையை நகத்தால தடவுங்க, நகம் மாட்டினா நூலும் மாட்டும், அறுபடும். மோட்டார் வயரோட மேல்தோல் வெடிச்சு செம்பு தெரிஞ்சா சொருகவே விடாதீங்க, வயர் மாத்தறது பெரிய செலவில்ல, ஷாக் அடிச்சாத்தான் பெருசு. வேற நாட்டுல இருந்து வந்த மெஷின்னா வோல்ட்டேஜை மோட்டார்ல ஒட்டியிருக்கிற தகட்டுல படிங்க, 110 வோல்ட்டு மெஷினை 220-ல சொருகினா கதை முடிஞ்சது. பெல்ட், பல்பு, ரப்பர் வளையம் போயிருந்தா கவலையே வேணாம். ஹூக்கு பக்கம் துரு குழி விழுந்திருந்தா வாங்காம கிளம்பிடுங்க.

அப்புறம் தையல். மூணு அடுக்கு மேல மெதுவா ஒரு கோடு, அப்புறம் நாலு தையல் சந்திக்கிற தடிச்ச முடிச்சு மேல ஒரு கோடு. மேலயும் கீழயும் தையல் ஒரே மாதிரி இருக்கா, முடிச்சு மேல ஏறும்போது தையல் குட்டியாகுதா, விட்டு விட்டு விழுதா பாருங்க. விட்டு விழுந்தா முதல்ல ஊசியைச் சந்தேகப்படுங்க, பழைய மெஷின்ல சிலது பக்கவாட்டுல நூல் கோக்கற வகை, ஊசியோட தட்டை பக்கம் எந்தப் பக்கம் இருக்கணுமோ அப்படி இல்லாட்டி ஒரு தையலும் விழாது. நல்ல மெஷினை இது ரிப்பேர்னு சொல்லி பாதி விலைக்குத் தள்ளிட்டுப் போறது பல நேரம் இந்த ஊசி விவகாரத்துலதான். ஃபுட்டோட அழுத்தத்தைக் குறைக்கிற குமிழ் மேல இருந்தா ஒரு ப்ளஸ், தடிமன் அதிகமாகும்போது கொஞ்சம் தளர்த்தினா துணி சுருக்கமில்லாம போகும்.

பட்ஜெட்டை இன்னும் கொஞ்சம் இழுக்க முடிஞ்சா, நேர்த்தையல் மட்டும் போடுற வேக மெஷின்னு ஒரு வகை இருக்கு. ஜூக்கி டிஎல் வரிசை, பிரதர் பிக்யூ1500எஸ்எல், ஜனோமி 1600பி இதெல்லாம். இடம் எட்டரை இன்ச் சுமார், நிமிஷத்துக்கு 1500, 1600 தையல் வரைக்கும், ஜிக்ஜாக் கிடையாது, காஜா கிடையாது. புதுசா வாங்கினா நம்ம பட்ஜெட்டைத் தாண்டும், பழசா வந்தா விடாதீங்க. வீட்டுல ஜிக்ஜாக்குக்கு ஒரு பழைய டப்பா மெஷின் கிடந்தாலே போதும், இது ரெண்டும் சேந்தா உங்களுக்கு வேற எதுவும் தேவைப்படாது. கார்மென்ட்ஸ் கம்பெனிகள்ல இருந்து வர்ற பவர் மெஷின் பத்தியும் கேப்பீங்க, மலிவா கிடைக்கும், இடமும் 10 இன்ச்சுக்கு மேல இருக்கும், பீஸிங்ல பறக்கும். ஆனா மேஜையோட சேந்து வீட்டுல ஒரு மூலையை நிரந்தரமா எடுத்துக்கும், பல்லை இறக்க முடியாதது பெரும்பாலும், ஊசியும் வேற வகை, பழைய கிளட்ச் மோட்டார்னா தொட்டா குதிரையா ஓடும். வேகத்தை அடக்கி ஓட்டக்கூடிய சர்வோ மோட்டார் மாத்தி, நேர்க்கோட்டு குவில்ட்டிங் மட்டும் போதும்னு இருக்கிறவங்களுக்கு அது சரி. எம்பிராய்டரி மெஷின் பக்கம் போகவே போகாதீங்க, அது வேற பொழுதுபோக்கு.

கையில இருக்கிற மொத்தத்தையும் மெஷின்லயே போட்டுடாதீங்க. நான் சொன்னா மூணுல ஒரு பங்கை ஒதுக்கி வைக்கச் சொல்லுவேன், ஃபுட், வட்ட பிளேடு வச்ச ரோட்டரி கட்டர், அதை வச்சு வெட்டற மேட், ஸ்கேல், ஊசி, ஒரு சர்வீஸ் இதுக்கெல்லாம். வெட்டு கோணலா இருந்தா எந்த மெஷினும் அதை நேராக்காது. பீஸிங்குக்கு 75 இல்ல 80 நம்பர் ஊசி, மூணு அடுக்குக்கு 90. 90ன்றது 0.9 மில்லிமீட்டர் தடிமன்னு அர்த்தம். எட்டு மணி நேரம் தைச்சா ஊசியை மாத்திடுங்க, அதுல மிச்சம் பிடிக்காதீங்க, டக் டக்னு சத்தம் வந்தா எட்டு மணி நேரம் வரைக்கும் காத்திருக்கவும் வேணாம். நூல் பீஸிங்குக்கு 50 நம்பர் காட்டன், குவில்ட்டிங்குக்கு 40 எடுத்தா தையல் கொஞ்சம் எடுப்பா தெரியும், நம்பர் கூடினா நூல் மெல்லிசு. கையால குவில்ட் தைக்கிறதுக்குன்னு மெழுகு பூசின மாதிரி விறைப்பா ஒரு நூல் விக்கும், அதை மெஷின்ல போடாதீங்க, டென்ஷன் தட்டுல அந்தப் பூச்சு படிஞ்சு எல்லாத்தையும் கெடுக்கும். தையல் நீளம் பீஸிங்ல 2, 2½, மூணு அடுக்குல 3, 3½ வைங்க.

மேஜைதான் செலவே இல்லாம தையலை மாத்துற விஷயம். குவில்ட்டு மேஜைக்கு வெளிய தொங்கினா அதோட எடை ஊசியை இழுக்கும், தையல் குட்டை குட்டையாகும், ஊசி வளைஞ்சு உடையும், நீங்க மெஷினுக்கு பலம் பத்தலைன்னு நினைப்பீங்க. இடதுபக்கமும் பின்பக்கமும் இன்னொரு மேஜையைச் சேத்துப் போடுங்க, மெஷின் பிளேட் உயரத்துக்கு தெர்மாகோல் பலகையை வெட்டி சுத்தி வச்சா விலை கொடுத்து வாங்குற அகல மேஜையோட வேலையை அதுவே செய்யும்.

வாங்கினதுக்கு அப்புறம் ஒவ்வொரு பாபின் தீரும்போதும் பிளேட்டுக்கு அடியில பிரஷ் விட்டு பஞ்சுத்தூசை எடுங்க, வாயால ஊதாதீங்க, தூசு இன்னும் உள்ள போகும், எச்சில் ஈரமும் துருவுக்கு வழி. எண்ணெய் விடற மெஷின்னா மெஷின் ஆயில் மட்டும், எந்தெந்த ஓட்டையில ஒவ்வொரு சொட்டுன்னு அந்த மாடலோட கையேட்டுல படம் போட்டிருக்கும். எண்ணெய் விட்டதும் ஒரு வேஸ்ட் துணியில ரெண்டு நிமிஷம் ஓட்டிட்டு அப்புறம் குவில்ட்டை வைங்க, வெள்ளைத் துணின்னா இன்னும் ரெண்டு நிமிஷம் சேத்து ஓட்டுங்க.